மேயும் வேகம்

சூரியனை உருட்டிக்கொண்டு வந்தவன் ஒத்கோன்பிலெக்.
அவன் அண்ணனின் பிளானெட்டா மோட்டார் சைக்கிளில்
மிஞ்சியிருந்த முன்சக்கரம் அது.
பிளானெட்டா என்றால் ருஷ்ய மொழியில் கோள்.
ஒரு கோளின் காலைக் கழற்றி
மஞ்சள் கம்பளி சுற்றித் தைத்துச்
சூரியன் செய்தோம்.

சக்கரம் சூரியன் என்றால்
பூமி ஒரு மிளகு.
புத் ஒரு தினை, தும்மினால் போச்சு.
பர்ஹஸ்பதிக்கு ஒட்டகக் கம்பளி,
வெந்நீரில் நனைத்து, சோப்புப் போட்டு,
கை சிவக்கச் சிவக்க உருட்டினோம்.
சுகர், அங்காரக், சஞ்சிர்...
எந்த ஒட்டகத்தின் முதுகில்
எந்த வெயில் நாட்டிலிருந்து வந்த பெயர்களோ,
கோபியின் குளிரில் இங்கேயே தங்கிவிட்டன.

சஞ்சிரை நான்தான் செய்வேன் என்று
அழுதான் சஞ்சிர்.
கொடுத்துவிட்டோம்.
புட்டி மூடியின் ரப்பர் வளையத்தை
அதன் இடுப்பில் மாட்டிவிட்டு
நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை அவன்.

மற்றதற்கெல்லாம்
ஆட்டுக் கணுக்கால் எலும்பை உருட்டினோம்.
எனக்கு விழுந்தது வெள்ளாட்டுப் பக்கம்.
வெள்ளாடு என்றால் கடைசி.
கடைசி என்றால் கடலின் அரசன்,
நீல மையில் ஊறிய கோலிக்குண்டு.
எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
அதனால் என்ன, அரசனுக்கும் கிடையாது.

காலை எட்டு மணி.
கொடிக்கம்பத்தைத் தாண்டி நின்றாள் புத்.
கழிப்பறைக்குப் பின்னால் பூமி
(அதற்கும் சிரித்தார்கள்).
பெட்ரோல் பங்க்கில் பர்ஹஸ்பதி,
கடைசிக் கெர் கூடாரத்து நாய் குரைக்கிற தூரத்தில் சஞ்சிர்.
நான் நடந்தேன்.
வானத்து அரசன் மின்கம்பத்தடியில் நின்று கையசைத்தான்.
நான் இன்னும் நடந்தேன்.
இரண்டு கிலோமீட்டருக்கு அறுபது மீட்டர் குறைவு.
திரும்பிப் பார்த்தால்
சூரியன் ஒரு மஞ்சள் புள்ளி.
கண் சிமிட்டினால் தேட வேண்டியிருந்தது.

ஒளியைவிட வேகமானது எதுவும் இல்லை
என்கிறது புத்தகம்.
முந்தின நாள் ஒத்கோன்பிலெக்
உள்ளங்கையில் வகுத்துப் பார்த்துவிட்டு
மூக்கைச் சொறிந்தான்.
நம் அளவில் ஒளி
நிமிடத்துக்கு எட்டு மீட்டர்தான் போகும்.
மற்றவர்கள் நம்பவில்லை.
எனக்கு அந்த வேகம் தெரியும்.
ஆறு வயதிலிருந்து அதன் பின்னால் நடந்திருக்கிறேன்.
ஒரு கடி புல், இரண்டு அடி.
தலை நிமிர்த்தி ஒரு யோசனை.
மறுபடி ஒரு கடி.

அதே எட்டு மணிக்குப்
பள்ளி வாசலில் கலைந்து கிடந்தது
தோர்ஜ்பாலம் வீட்டு மந்தை.
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பூமியைத் தொட எட்டு நிமிடம்.
பர்ஹஸ்பதியைத் தாண்டும்போது
எனக்குக் கால் மரத்திருந்தது.

எங்கள் குளிர்காலக் கொட்டில்
இதே திசையில் இன்னும் அறுபது கிலோமீட்டர்.
கணக்குப்படி அங்கே கோள் எதுவும் இல்லை.
அம்மா இப்போது அடுப்பைப் பற்றவைத்தால்
அந்த வெளிச்சம் எனக்கு
ஐந்து நாள் கழித்து வரும்.
வெள்ளிக்கிழமை வருகிற லாரி பரவாயில்லை.

பன்னிரண்டு மணி, சில நிமிடம்.
வந்து சேர்ந்தது ஒளி.
கொம்பில் பச்சை பெயின்ட்,
தாடியில் முள்.
என் உள்ளங்கையை முகர்ந்தது,
வியர்வையின் உப்புக்காக என்று நினைத்தேன்.
விரலை நக்கியது.
பிறகு, அவசரமே இல்லாமல்,
கடலின் அரசனைத் தின்றது.

நான் கத்தவில்லை.
அவ்வளவு தூரத்தில்
கத்தினால் யாருக்குக் கேட்கும்?

அறிக்கையில் எட்டாவது கட்டத்தில் எழுதினேன்:
தற்போது இருக்குமிடம், தோர்ஜ்பாலம் வீட்டு ஆடு.
சுற்றுப்பாதை, புல் இருக்கும் பக்கம்.
ஆசிரியை ஞாம்சுரென்
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
மதிப்பெண் போடவில்லை, அடிக்கவும் இல்லை.

மூன்று நாளாகிறது.
நீலமாக ஏதாவது விழுந்ததா என்று
தினமும் மந்தையின் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்
சஞ்சிர்.